ஜாமீன் நிற்கும் அரசு

சிறிய நாடுகளும் விண்வெளித் தொழிலும் என்று பேச்சு வந்தாலே எனக்கு 2018 ஜனவரி மாதம்தான் நினைவுக்கு வரும். அந்த மாதம் 12ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி ராக்கெட்டில், பின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனம் செய்த சின்ன ரேடார் செயற்கைக்கோள் ஒன்றும் போனது. அதன் எடை நூறு கிலோவுக்கும் குறைவு. 21ஆம் தேதி, நியூசிலாந்தின் மாஹியா தீபகற்பத்திலிருந்து ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் ராக்கெட் முதல்முறையாகச் சுற்றுப்பாதையை எட்டியது. 23ஆம் தேதி பின்லாந்தின் விண்வெளிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 31ஆம் தேதி, லக்சம்பர்க் அரசும் அந்த நாட்டின் செயற்கைக்கோள் நிறுவனமான எஸ்இஎஸ்ஸும் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கவ்சாட்-1 செயற்கைக்கோள் மேலே போனது. பின்லாந்தில் சுமார் 55 லட்சம் பேர், நியூசிலாந்தில் அப்போது 50 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, லக்சம்பர்க்கில் 6 லட்சம் சொச்சம். மூன்றையும் கூட்டினாலும் ஒரு பெருநகரத்தின் மக்கள்தொகைதான் வரும்.

பொறியாளரான நண்பர் ஒருவரிடம் இந்தத் தேதிகளைச் சொன்னபோது, "அவை பணக்கார நாடுகள், அதனால் முடிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பலரும் சொல்வது இதுதான். அந்தப் பதில் எனக்கு ஒத்துவரவே இல்லை. பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் சொந்தப் பணத்தில் செயற்கைக்கோள் வாங்கி, வேறு நாட்டு ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிக் கொண்டாடிய நாடுகள் எத்தனையோ இருக்கின்றன. பதினைந்து வருடத்தில் அதன் ஆயுள் முடிந்ததும் அடுத்ததையும் கடைக்குப் போய் வாங்குவதுபோல வாங்க வேண்டியிருக்கிறது. அங்கெல்லாம் பெருமை வந்தது, தொழில் வரவில்லை. பணம்தான் காரணம் என்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டுமே! விஞ்ஞானிகள்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் ராக்கெட்டை உருவாக்கிய பீட்டர் பெக் பல்கலைக்கழகப் படிப்பே இல்லாதவர். வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் கருவிகள் செய்யப் பழகுநராகச் சேர்ந்து தொழில் கற்றவர். அப்படியானால் இந்த மூன்று நாடுகளிலும் பொதுவாக இருந்தது என்ன? இதை யோசித்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கிடைத்த பதில், ராக்கெட்டையும் தொழிற்சாலையையும் விட்டு அரசு அலுவலகத்துக்குள் போகிறது.

யார் பொறுப்பு?

மற்றத் தொழில்களுக்கும் விண்வெளித் தொழிலுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. ஒரு தனியார் ரசாயன ஆலையில் விபத்து நடந்தால் முதல் பொறுப்பு அந்த ஆலைக்கு. தனியார் ராக்கெட் ஒன்று இன்னொரு நாட்டில் விழுந்தால், சர்வதேசச் சட்டப்படி அந்த நாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தின் 6வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு நாட்டின் தனியார் நிறுவனம் விண்வெளியில் எதைச் செய்தாலும் அந்த நாடுதான் பொறுப்பு, அனுமதி கொடுக்க வேண்டியதும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியதும் அதன் கடமை. 1972இல் வந்த இழப்பீட்டு ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பூமியின் மேற்பரப்பிலோ பறக்கும் விமானத்துக்கோ சேதம் ஏற்பட்டால், தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை, ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். அந்தத் தொகைக்கு உச்சவரம்பும் கிடையாது. 'ஏவிய நாடு' என்பதற்குள் ஏவுகிற நாடு, ஏவச் சொல்கிற நாடு, யாருடைய மண்ணிலிருந்து போகிறதோ அந்த நாடு, யாருடைய ஏவுதளமோ அந்த நாடு என்று நாலு பேரும் அடக்கம்.

இது வெறும் காகித அச்சம் இல்லை. 1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள், உள்ளே இருந்த அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1981இல் 30 லட்சத்துக்குச் சமரசம் ஆனது. விழுந்தது ஆள் நடமாட்டம் குறைந்த பனிப்பிரதேசம், விழவிட்டது ஒரு வல்லரசு. அதனால் தொகையும் சிறியது, வலியும் சிறியது. அதே விபத்து ஒரு நகரத்தில் நடந்து, பொறுப்பேற்க வேண்டியது ஐந்து லட்சம் பேர் வாழும் நாடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உறவினர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரின் நிலைமைதான் இந்த அரசுகளுக்கு. தொழில் செழித்தால் லாபம் பெரும்பாலும் நிறுவனத்துக்கு, கவிழ்ந்தால் கேள்வி ஜாமீன்தாரருக்கு. ஆகவே இந்த மாதிரி ஒரு கோப்பு மேசைக்கு வந்தால் எந்த அதிகாரிக்கும் முதலில் தோன்றுவது "நமக்கெதற்கு வம்பு" என்பதுதான். அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. வராமல் போன ஒரு தொழிலுக்காக எந்த நாட்டிலும் எந்த அதிகாரிக்கும் தண்டனை கிடைத்ததில்லை. சிறிய நாட்டில் விண்வெளித் தொழில் பிறக்கிற நேரம் என்று ஒன்று உண்டென்றால், இத்தனையும் தெரிந்த ஒருவர் அந்த ஆபத்தை அளந்து பார்த்து, "சரி, நாங்கள் நிற்கிறோம்" என்று சொல்கிற நேரம்தான் அது என்பது என் எண்ணம்.

வெலிங்டன், 2016

இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டது நியூசிலாந்தின் கதையில்தான். ராக்கெட் லேப் 2006இல் தொடங்கப்பட்டது. 2009 நவம்பர் 30 அன்று கிரேட் மெர்க்குரி தீவிலிருந்து ஆட்டியா-1 என்ற சிறு ஆய்வு ராக்கெட்டை விண்வெளியின் விளிம்பு தாண்டி அனுப்பியது. அடுத்த கட்டத்துக்கு வேண்டிய மூலதனம் அமெரிக்காவில்தான் கிடைத்தது. அதனால் 2013 வாக்கில் நிறுவனம் சட்டப்படி அமெரிக்க நிறுவனமாக மாறியது. ராக்கெட் செய்யும் வேலை மட்டும் ஆக்லாந்தில் தொடர்ந்தது. ஏவுதளத்துக்கு முதலில் கிறைஸ்ட்சர்ச் பக்கம் கைட்டோரெட்டே என்ற மணல்திட்டைப் பார்த்தார்கள். அங்கே அனுமதி இழுத்துக்கொண்டே போனது. 2015இல் வடக்குத் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் மாஹியாவுக்குத் திரும்பினார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்குச் சொந்தமான, ஆடு மாடு மேயும் பண்ணை நிலம் அது. கிழக்கிலும் தெற்கிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பசிபிக் பெருங்கடல்தான். கப்பல் குறைவு, விமானம் குறைவு, ராக்கெட்டின் பாதைக்குக் கீழே ஊரே இல்லை. இதன் அருமை இஸ்ரேலின் நிலைமையைப் பார்த்தால் புரியும். கிழக்கே பக்கத்து நாடுகள் இருப்பதால் இஸ்ரேல் தன் ராக்கெட்டுகளை மேற்கே மத்தியதரைக் கடலின் மேல் ஏவுகிறது. பூமி சுழலும் திசைக்கு எதிரே போவதால் ஒவ்வொரு முறையும் சுமக்கும் எடையில் ஒரு பகுதியை இழக்கிறது. நியூசிலாந்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ராக்கெட் தயாராகிக்கொண்டிருந்தது, கடல் காலியாக இருந்தது. அரசிடம்தான் எதுவும் இல்லை. விண்வெளிச் சட்டம் கிடையாது, விண்வெளி நிறுவனம் கிடையாது, ராக்கெட் ஏவ யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு வழிமுறைகூடக் கிடையாது. ஆனால் மேலே சொன்ன ஒப்பந்தங்களில் அந்த நாடு எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தது. அதாவது, பொறுப்பு முழுவதும் இருந்தது, அதை நிர்வகிக்க ஒரு மேசைகூட இல்லை.

அந்த மேசையைப் போடும் வேலை, 'வணிகம், புதுமை, வேலைவாய்ப்பு' என்ற அமைச்சகத்துக்குப் போனது. பாதுகாப்புத் துறைக்கோ அறிவியல் துறைக்கோ போகாமல் இங்கே போனதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பாதுகாப்புத் துறை கையில் எடுத்திருந்தால் ரகசியம் முதலில் வந்திருக்கும், அறிவியல் துறை எடுத்திருந்தால் ஆராய்ச்சி மானியம் முதலில் வந்திருக்கும். இங்கே முதல் கேள்வியே "இது தொழிலாக நிற்குமா, அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்" என்பதுதான். 2016 ஜூனில் அமெரிக்காவோடு தொழில்நுட்பப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏவுகணைத் தொழில்நுட்பமும் ராக்கெட் தொழில்நுட்பமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், அது இல்லாமல் அமெரிக்க நிறுவனம் ஒன்று வெளிநாட்டு மண்ணிலிருந்து ராக்கெட் ஏவ முடியாது. அதே வருடம் அமைச்சகத்துக்குள்ளேயே நியூசிலாந்து விண்வெளி நிறுவனம் தொடங்கப்பட்டது. சட்ட மசோதாவும் நாடாளுமன்றத்துக்குப் போனது.

ஆனால் சட்டம் நிறைவேறி நடைமுறைக்கு வர நாளாகும், ராக்கெட்டோ அதற்கு முன்பே தயாராகிவிடும். இந்த இடத்தில் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். "சட்டம் வரட்டும், அதுவரை பொறுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். முறைப்படி அது சரியான பதிலும்கூட. நிறுவனத்தின் தலைமையகம் ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தது, ஏவுதளங்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. கிளம்பியிருந்தால் தடுக்க எதுவும் இருந்திருக்காது. அரசு வேறொரு வழி கண்டுபிடித்தது. 2016இல் அந்த நிறுவனத்தோடு நேரடியாக ஒரு ஒப்பந்தம் போட்டது. பொதுமக்கள் பாதுகாப்பு, நாட்டின் பாதுகாப்பு, சர்வதேசக் கடமைகள் எல்லாவற்றையும் சட்டம் வரும்வரை அந்த ஒப்பந்தத்தின் வழியாகவே கவனித்துக்கொள்வது, அதன்கீழ் ஏவ அனுமதிப்பது என்று முடிவானது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவும் இல்லை. கையில் இருந்த கருவியை வைத்துக் காரியத்தை முடித்தார்கள். ஒரு சிறிய நாட்டின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. பெரிய நாட்டில் இதே முடிவுக்கு எத்தனையோ துறைகள் ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கே சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரே கட்டடத்தில் இல்லாவிட்டாலும் ஒரே நகரத்தில், தலைநகர் வெலிங்டனில் இருக்கிறார்கள்.

2017 மே 25 அன்று முதல் எலக்ட்ரான் கிளம்பியது. நாலு நிமிடம் ஒழுங்காகப் போனது. 224 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது தரைக்கு வரும் தகவல் அறுந்தது. ராக்கெட் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் பயணத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. பாதுகாப்பு அதிகாரி நிறுத்தினார். பிறகு விசாரித்தபோது ராக்கெட்டில் எந்தக் கோளாறும் இல்லை என்று தெரிந்தது. தகவலைப் பெறும் வேலையைச் செய்த ஒப்பந்ததாரரின் தரைக்கருவியில், பழுதான சமிக்ஞையைத் திருத்திக்கொள்ளும் ஒரு அமைப்பு இயக்கப்படாமல் இருந்திருக்கிறது. ராக்கெட் லேபின் சொந்தக் கருவிகளில் தகவல் சரியாகவே வந்துகொண்டிருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ராக்கெட் இப்படி வீணானது எனக்கு இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாமீன் நின்ற அரசின் பக்கமிருந்து பாருங்கள். முதல் பயணத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத ராக்கெட்டைப் பறக்கவிடமாட்டோம் என்ற விதி நிஜமாகவே வேலை செய்தது. கையெழுத்துப் போட்டவர்கள் நம்பியது அதைத்தான். அவர்கள் பயந்து கதவைச் சாத்தவில்லை. 2017 டிசம்பர் 21 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது, ஒரு மாதம் கழித்து இரண்டாவது ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. 2022 ஜூனில் நாசாவின் கேப்ஸ்டோன் கலம் நிலாவை நோக்கிக் கிளம்பியதும் இதே மாஹியாவிலிருந்துதான். 2024இல் எலக்ட்ரான் 16 முறை ஏவப்பட்டது, அவற்றில் பெரும்பாலானவை இங்கிருந்து.

சும்மா கிடக்கும் சொத்து

காலியான கடல் ஒரு சொத்து என்று நியூசிலாந்து கண்டுகொள்வதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே, அலைவரிசை ஒரு சொத்து என்று லக்சம்பர்க் கண்டுகொண்டிருந்தது. 1930களிலேயே அங்கிருந்து வணிக வானொலி, எல்லை தாண்டி பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் விளம்பரத்தோடு ஒலிபரப்பாகியது. சொந்த நாட்டில் நேயர்கள் போதாது, பக்கத்து நாடுகளில் தாராளமாக இருக்கிறார்கள் என்ற கணக்கு. 1977இல் ஐரோப்பிய நாடுகளுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்காக ஆளுக்கு ஐந்து அலைவரிசை ஒதுக்கப்பட்டபோது, மற்றவர்களுக்கு அது தேசிய ஒளிபரப்பு, லக்சம்பர்க்குக்கு அது ஏற்றுமதிச் சரக்கு. பிரதமர் பியர் வெர்னர் காலத்தில் தொடங்கிய பேச்சு, 1985 மார்ச் 1 அன்று எஸ்இஎஸ் என்ற தனியார் நிறுவனமாக உருவெடுத்தது. அரசு தொடக்கத்திலேயே கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அரசும் அரசு சார்ந்த வங்கிகளுமாக மூன்றில் ஒரு பங்கு வாக்குரிமையை வைத்துக்கொண்டன.

பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதே சமயம் தங்கள் பொறியியல் பெருமையைக் காட்டும் செயற்கைக்கோள்களைச் செய்துகொண்டிருந்தன. பிரான்சின் டிடிஎஃப்-1இல் ஒவ்வொரு அலைவரிசைக்கும் 230 வாட், மொத்தம் ஐந்தே அலைவரிசை. ஜெர்மனியின் டிவி-சாட் 1, 1987இல் மேலே போனதும் சூரியத் தகடு ஒன்று விரியாமல் பாழானது. எஸ்இஎஸ் அமெரிக்க ஆர்சிஏ நிறுவனத்திடம் அஸ்ட்ரா 1ஏ-ஐ வாங்கியது. 45 வாட் போதும், ஏனென்றால் வீடுகளில் வைக்கும் கருவிகள் இதற்குள் நன்றாகத் தேறிவிட்டன. அதே எடைக்குள் 16 அலைவரிசை. 1988 டிசம்பர் 11 அன்று ஏவப்பட்டது, 1989 பிப்ரவரியில் பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி அதில் ஏறியது. அரச குடும்பம் வாழ்ந்த பெட்ஸ்டார்ஃப் கோட்டைதான் நிறுவனத்தின் தலைமையகமானது. உலக நாடுகள் பல சேர்ந்து 1964இல் உருவாக்கிய இன்டெல்சாட்டை 2025 ஜூலையில் 310 கோடி டாலருக்கு எஸ்இஎஸ் வாங்கி முடித்த செய்தியைப் படித்தபோது நிஜமாகவே பூரித்துப்போனேன்.

நார்வேயும் இதே கணக்கைத்தான் போட்டது. வட துருவத்துக்கு அருகே 78 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவில், செயற்கைக்கோள்களின் தகவலைப் பெறும் தரைநிலையம் ஒன்றை 1997இல் அமைத்தார்கள். துருவங்களைக் கடந்து சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொரு சுற்றிலும் இந்த இடத்திலிருந்து கண்ணில் படும். துருவங்களிலிருந்து தள்ளி ஆன்டெனா வைத்தால் நாளுக்குச் சில தடவைதான். ஆனால் இடம் மட்டும் போதவில்லை. 2004இல் கடலுக்கடியில் இரண்டு கண்ணாடி இழைக் கேபிள்களை நார்வேயின் முதன்மை நிலத்திலிருந்து இழுத்தார்கள். அதற்கப்புறம்தான் அந்த நிலையம் உலகமே நம்பியிருக்கும் இடமாக வளர்ந்தது.

கேபிள் இழுக்காத கதை டோங்காவுடையது. 1980களின் கடைசியில் அந்தச் சின்ன பசிபிக் தீவு நாடு, செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் 16 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டது. எதிர்ப்புக்குப் பிறகு ஆறு இடம் கிடைத்தது. அவற்றை வாடகைக்கும் விட்டது. வாடகை வந்தது, அதோடு சரி. பொறியாளர் வரவில்லை, நிறுவனம் வளரவில்லை. லக்சம்பர்க்கும் டோங்காவும் கையில் வைத்திருந்தது ஒரே வகைச் சொத்துதான். ஒன்று அதைத் தொழிலில் முதலாகப் போட்டது, மற்றொன்று குத்தகைக்கு விட்டது. டோங்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்டத்தின் நடுவே, வானொலித் தொழிலில் ஐம்பது வருட அனுபவத்தோடு இருந்த நாட்டுக்குக் கிடைத்த வசதிகள் அதற்குக் கிடைக்கவில்லை.

மாணவர்கள் கொண்டுவந்த சட்டம்

பின்லாந்தின் கதை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ஆல்டோ பல்கலைக்கழக மாணவர்கள் 2010இல் ஆல்டோ-1 என்ற கையடக்கச் செயற்கைக்கோளைச் செய்யத் தொடங்கினார்கள். அது வளர வளர, மேலே போனால் நாடே பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்ற விஷயம் அரசுக்கு உறைத்தது. மாணவர்களின் பரிசோதனைக்கு ஒரு குடியரசு ஜாமீன்! "இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம்" என்று சொல்லி அந்தத் திட்டத்தை ஆய்வகத்திலேயே முடித்துவைத்திருக்கலாம். அரசு சட்டம் எழுத உட்கார்ந்தது. ஆல்டோ-1, 2017 ஜூனில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. சட்டம் அடுத்த ஜனவரியில் வந்தது. சேதம் நடந்தால் அரசு கட்டும் இழப்பீட்டை நிறுவனத்திடமிருந்து ஒரு வரம்புவரைதான் வசூலிக்கலாம் என்று அதில் எழுதிவைத்தார்கள். அந்த வரம்பு முக்கியம். வரம்பில்லாத பொறுப்பைத் தலையில் கட்டினால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் காப்பீடு தராது, எந்த முதலீட்டாளரும் வரமாட்டார்.

அதே பல்கலைக்கழகத்தில் படித்த ரஃபால் மொட்ரெவ்ஸ்கியும் பெக்கா லௌரிலாவும் 2014இல் ஐஸ்ஐ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கடல் உறைகிற நாடு, குளிர்காலத்தில் வெளிச்சமே இல்லாத வடபகுதி. இருட்டிலும் மேகத்திலும் கப்பலுக்குப் பனிக்கட்டியைக் காட்ட ரேடார்தான் வேண்டும். ஆனால் அன்றைய ரேடார் செயற்கைக்கோள்கள் டன் கணக்கில் எடை. ஜெர்மனியின் டெராசார்-எக்ஸ் 1,200 கிலோவுக்கு மேல், ஐரோப்பாவின் சென்டினல்-1 சுமார் 2,300 கிலோ. அதை நூறு கிலோவுக்குள் செய்ய முடியும் என்று நம்பியவர்கள், செயற்கைக்கோள் கட்டிப் பழகிய மாணவர்கள். பனிக்கட்டிக்காகத் தொடங்கியது வெள்ளச் சேதத்தைக் கணக்கிடும் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் உதவியது. 2022 ஆகஸ்டில் உக்ரைனின் செர்ஹி பிரிட்டுலா அறக்கட்டளை, மக்களிடம் திரட்டிய பணத்தில் இவர்களுடைய ஒரு செயற்கைக்கோளின் பயன்பாட்டை வாங்கித் தன் நாட்டு ராணுவத்துக்குக் கொடுத்தது. சொந்த நாட்டில் சந்தை சிறியதாக இருந்ததால், முதல் நாளிலிருந்தே உலகத்துக்கு விற்றாக வேண்டிய நிறுவனமாகவே வளர்ந்தார்கள். உள்நாட்டு அரசு ஒன்றே வாடிக்கையாளர் என்றிருக்கும் பெரிய நாட்டு நிறுவனங்களுக்கு இந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

பணம் போனது, அப்புறம்?

லக்சம்பர்க் எல்லா முறையும் ஜெயிக்கவில்லை. விண்கற்களில் சுரங்கம் தோண்டும் கனவோடு 2016இல் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. 2017 ஆகஸ்டில், விண்வெளியில் எடுக்கும் கனிமத்தை எடுத்தவர் சொந்தம் கொண்டாடலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கு அடுத்து இதைச் செய்த நாடு அதுதான். பிளானட்டரி ரிசோர்சஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 1.2 கோடி யூரோவைப் பங்காகப் போட்டது. 2018இல் அந்த நிறுவனம் நொடித்து, பிளாக்செயின் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. பணம் போனது போனதுதான். மக்கள் வரிப்பணம் என்பதால் கேள்விகள் எழுந்தன, எழத்தான் வேண்டும். ஆனால் அதே 2018இல் லக்சம்பர்க் விண்வெளி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் விண்வெளி வளங்களுக்கான ஐரோப்பிய ஆய்வு மையம் அங்கேயே வந்தது. ஜப்பானின் ஐஸ்பேஸ் தன் ஐரோப்பியக் கிளையை அங்கே வைத்து, நிலாவில் ஓட்டுவதற்கான ஒரு சிறு வண்டியைச் செய்தது. 2025 ஜூனில் அதைச் சுமந்துபோன தரையிறங்கு கலம் நிலாவில் மோதி நொறுங்கியது. அதுவும் நஷ்டம்தான். ஜாமீன் நிற்பவர் சில தடவை கட்டவும் வேண்டியிருக்கும். ஒரு தடவை கட்டியதும் இனி யாருக்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டால் தொழில் அங்கேயே நின்றுவிடும். லக்சம்பர்க் ஒதுங்கவில்லை.

அமைச்சரின் மேசையில்

இதிலெல்லாம் என்னை உறுத்தும் பக்கமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. சிறிய நாடு யாரோடு ஒப்பந்தம் போடுகிறதோ அவர்களுடைய நிழலும் கூடவே வரும். மாஹியாவிலிருந்து அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள்களும் உளவுத்துறையின் செயற்கைக்கோள்களும் போயிருக்கின்றன. அணு ஆயுதக் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் விடாத நாடு நியூசிலாந்து. அங்கே இது சாதாரண விஷயம் இல்லை. எதிர்த்துப் போராடியவர்களின் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது. அந்த நாட்டுச் சட்டப்படி ராக்கெட்டுக்கு மட்டுமல்ல, அதில் ஏறும் செயற்கைக்கோள்களுக்கும் அனுமதி வேண்டும், முடிவு அமைச்சருடையது. 2019இல் எதற்கெல்லாம் அனுமதி கிடையாது என்று கொள்கையும் வகுத்தார்கள். அணு ஆயுதத் திட்டத்துக்கு உதவுவது, மற்றவர்களின் விண்கலத்தைக் கெடுப்பது போன்றவை அதில் இருக்கின்றன. போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். எந்தச் செயற்கைக்கோள் என்ன வேலைக்குப் போகிறது என்று பண்ணை நிலத்தின் உரிமையாளர்களான மாஹியா மக்களுக்கு ஏவுவதற்கு முன்பே முழுதாகத் தெரிய வேண்டும். நாட்டின் பெயரில் ஜாமீன் நிற்பதென்றால், எதற்கு நிற்கிறோம் என்று கேட்க நாட்டு மக்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த கவலை, வளர்ந்த பிறகு நிறுவனம் போய்விடுமோ என்பது. ராக்கெட் லேபின் அடுத்த பெரிய ராக்கெட்டான நியூட்ரானுக்கு ஏவுதளம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கட்டப்பட்டது. இதைக் காட்டி, "பார்த்தாயா, கடைசியில் லாபம் அமெரிக்காவுக்குத்தான்" என்று அந்தப் பொறியாளர் நண்பர் சொல்லக்கூடும். நான் அங்கே மிச்சமாக இருப்பதைப் பார்க்கிறேன். ராக்கெட் லேபுக்குத் தொடக்க காலத்தில் முதலீடு கொடுத்த மார்க் ராக்கெட் இப்போது கிறைஸ்ட்சர்ச்சில் கீயா ஏரோஸ்பேஸ் நடத்துகிறார், மிக உயரத்தில் பறக்கும் சூரிய சக்தி விமானங்கள் அவர்களுடைய வேலை. டான் ஏரோஸ்பேஸின் அரோரா என்ற ராக்கெட் விமானம் சாதாரண ஓடுபாதையிலிருந்து கிளம்பி 2024 நவம்பரில் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அனுமதி இழுத்தடித்ததால் ராக்கெட் லேப் கைவிட்ட அந்தக் கைட்டோரெட்டே மணல்திட்டில், உள்ளூர் மாவோரி மக்களும் அரசும் கூட்டுச் சேர்ந்து தாஃபாக்கி என்ற விண்வெளி மையத்தை 2021இல் தொடங்கியிருக்கிறார்கள். 2015இல் அங்கே அனுமதி கேட்டவர்களுக்கு விண்ணப்பத்தைப் படிக்கத் தெரிந்த அலுவலகமே இல்லை. இன்றைக்கு அங்கே விண்ணப்பிப்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, அனுமதி கொடுத்துப் பழகிய அதிகாரிகள் இருக்கிறார்கள், இப்படி ஒரு வேலையை ஏற்கெனவே முடித்துக்காட்டிய பொறியாளர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நண்பர் கேட்டால் இந்தப் பட்டியலைத்தான் சொல்வேன்.